எதிர்மலை வெளிச்சம்

ஒரே பீலியில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்களே, உங்களில் பாதிப் பேர் இப்போது கொழும்பிலும் வத்தளையிலும், மீதிப் பேர் எங்கெங்கோ இருக்கிறீர்கள். முழங்கால் வலியும் சீனி வருத்தமும் எனக்கு மட்டும் வந்திருக்காது, உங்களுக்கும் வந்திருக்கும். பழையதை எழுது, எழுது என்று ஆளுக்கொரு குரல் செய்தி அனுப்புகிறீர்கள். உண்மையைச் சொன்னால் அலுப்பாக இருக்கிறது. பழையதில் என்ன வாழ்கிறது, ஈர விறகும் அட்டைக்கடியும்தானே. ஆனாலும் போன மாதம் டிவி பார்க்கும்போது நடந்த ஒன்று மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. இறக்கி வைத்துவிட்டால் கொஞ்சம் தூங்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஏதோ ஒரு பாட்டு நிகழ்ச்சி, நேரடி ஒளிபரப்பு. பாடகர் கையைத் தூக்கியதும் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் போனில் வெளிச்சத்தைப் போட்டு ஆட்டினார்கள். சோபாவில் படுத்திருந்த என் மகன், "இதாவது பரவால்ல. அந்தக் காலத்துல மேட்ச் பாக்கப் போனவங்க கேலரியில இருந்து கேமரா ஃபிளாஷ் அடிப்பாங்களாம்மா? சுத்த வேஸ்ட். அந்த வெளிச்சம் முன்னால ஒக்காந்திருக்கவன் மண்டையக்கூடத் தாண்டாது" என்றான். பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் அக்கா கையை நிறுத்தினாள். அவள் இப்போது என்னோடு ஹட்டனில்தான் இருக்கிறாள். எதையும் இடது கையால்தான் உரிப்பாள். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. அது உங்களுக்குத் தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

நம் லயம், அந்த ஒற்றை வரிசை வீடுகள், இருந்த மலைக்கு நேர் எதிரே கீழ்ப் பிரிவு லயம். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கண்ணுக்கு எதிர்வீடுதான். ஆனால் போய்ச் சேர வேண்டுமென்றால் பள்ளத்தில் இறங்கி, ஆற்றைத் தாண்டி, மறுபடி தேயிலைக்குள் ஏற வேண்டும். பன்றி உண்டு, சில சமயம் சிறுத்தை உண்டு. அதனால் பொழுது சாயும் நேரத்தில் யார் அங்கே போனாலும், சேர்ந்ததும் லயத்துக் கோடியில் நின்று டோர்ச்சை மூன்று தடவை இந்தப் பக்கம் காட்ட வேண்டும். வந்து சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். வெளிச்சம் வரவில்லையென்றால் இங்கிருந்து ஓர் ஆம்பிளை தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. வெளிச்சம் இல்லையென்றால் ஆள் போகணும், அவ்வளவுதான். உங்கள் வீடுகளிலும் இதே வழக்கம்தான்.

எங்கள் வீட்டு டோர்ச் ஞாபகம் இருக்கிறதா? வாய் நசுங்கிய தகர டோர்ச். பித்தானை அமுக்கினால் எரியாது, அடியில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அந்தத் தட்டு அக்காவுக்குத்தான் கைவந்திருந்தது. பெட்டரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு வாரம் ஓட்டுவதும் அவள்தான். அந்த டோர்ச் எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை. கேட்க நினைத்தபோது கேட்க ஆளில்லை.

ஒரு தடவை பெரியம்மா வீட்டுக்குப் போன அக்காவிடமிருந்து வெளிச்சம் வரவில்லை. பனி அப்படி மூடியிருந்தது. அப்பா கொழுந்துச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார். போய்ப் பார்த்தால் அக்கா அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்திருக்கிறாள். அவள் காட்டித்தான் இருக்கிறாள், பனியில் எங்களுக்குத் தெரியவில்லை. அப்பா அங்கேயே தங்கிவிட்டு, பனி விலகியதும் தானே நின்று மூன்று தடவை காட்டினார். இங்கே அம்மா, "பாரு, எம் புள்ள காட்டிட்டா. உங்க அப்பாதான் வீணா நனையிறாரு" என்று சொல்லிப் படுத்துவிட்டாள். மறுநாள் விஷயம் தெரிந்தபோது லயமே சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். வெளிச்சத்தில் காட்டியவர் பெயர் எழுதியிருக்காது என்பதை அன்றைக்கே நாங்கள் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

அடுத்த வருஷம் அக்காவைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். எட்டாம் வகுப்போடு நின்றிருந்தாள். தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிய வயது போதாது. டவுனில் இருந்த தரகர் வந்து, பெரிய வீடு, தமிழ் பேசுகிற வீடு, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் வேலை, மேலே படிக்கவும் வைப்பார்கள் என்றார். அம்மா நம்பினாள். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை. வாழ்நாளெல்லாம் மழையில் நின்று கொழுந்து பறித்தவளுக்கு, கூரைக்குக் கீழே செய்கிற எந்த வேலையும் நல்ல வேலையாகத்தான் தெரிந்திருக்கும். அக்கா துணியோடு டோர்ச்சையும் பையில் வைத்தாள். அம்மா அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு, "கொழும்புல எதுக்குடி டோர்ச்சு? அங்க இருட்டே கெடையாதாம்" என்றாள்.

அவள் போன பிறகு எங்களுக்கு இருந்தது டவுனில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவின் போன் மட்டும்தான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அந்தக் கடைக்கு எடுப்பாள், நாங்கள் காலையிலேயே போய் மூட்டைகளுக்கு நடுவில் காத்திருப்போம். கருவாடும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம். நானா நல்ல மனிதர், அம்மாவுக்கு ஸ்டூல் போடுவார். முதல் இரண்டு தடவையும் அக்கா "நல்லா இருக்கேன்" என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அம்மா அதைக் கேட்டுக் குளிர்ந்துபோவாள். அப்பாவுக்கு மட்டும் முகம் இறுகும். "இவ இப்படிப் பேசுற புள்ளையா?" என்பார். இரண்டாம் தடவை அவரே போனை வாங்கி, தீபாவளிக்கு அனுப்பச் சொல் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

மூன்றாம் தடவைதான் அக்கா நிறையப் பேசினாள். அம்மா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"அம்மா, அடுத்த ஞாயித்துக்கெழம இங்க கிரவுண்டுல மேட்ச்சு. லைட்டு போட்டு வெளையாடுற மேட்ச்சு. இவங்க எல்லாரும் போறாங்க, என்னியயும் கூட்டிட்டுப் போறாங்க. நான் சந்தோஷமா இருக்கேன். டிவி மாமா வீட்டுல பாருங்க. கேமரா வெளிச்சத்த மூணு தடவ காட்டுறேன். பெரியம்மா வீட்டுக்குப் போனா காட்டுவேன்ல, அதே மாதிரி. அப்பாவயும் பாக்கச் சொல்லுங்க. பெரியம்மா வீட்டுக்குப் போன மாதிரியேன்னு சொல்லுங்கம்மா."

பின்னால் யாரோ ஒரு பெண் சிரிப்பது கேட்டது. அம்மாவுக்கு அந்தச் சிரிப்பே போதுமாக இருந்தது. சிரிக்கிற வீட்டில்தான் பிள்ளை இருக்கிறாள் என்று கடை நானாவிடமும் சொன்னாள், வழியில் கண்டவர்களிடமும் சொன்னாள்.

அப்பா வட்டகொடை ஸ்டேஷன் கிட்ட வந்ததும் நின்று, "எதுக்கு ரெண்டு தடவ பெரியம்மா வீடுங்குறா? நான் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்" என்றார்.

அம்மா பதறிவிட்டாள். பதறியதற்குக் காரணம் இருந்தது. சண்டை நடந்த அந்த நாட்களில் நம்மாட்கள் கொழும்புக்குப் போவது லேசான காரியமில்லை. அப்பாவிடம் அடையாள அட்டை கிடையாது, தோட்டத்துக் கடிதம் மட்டும்தான். வழியில் ஆமிக்காரர்கள் இறக்கிக் கேட்டால் சிங்களத்தில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் சொல்லத் தெரியாது. அப்படிப் போய் மாதக்கணக்கில் உள்ளே கிடந்த ஒருவர் நம் லயத்திலேயே இருந்தார். "புள்ளையும் அங்க, நீங்களும் உள்ள போயிட்டா நான் யாரத் தேடுறது?" என்று அம்மா நடுத்தெருவில் அழுதாள்.

கடைசியில் இருவரும் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சைப் பார்ப்பது. வெளிச்சம் வந்தால் பேசாமல் இருப்பது. வராவிட்டால் அப்பா திங்கட்கிழமை காலை ரயிலில் போய் அக்காவைக் கையோடு கூட்டி வருவது. அப்பா டிவி மாமாவிடம் ஒரு நல்ல சட்டையை இரவலாகக் கேட்டு வாங்கி வைத்தார். தோட்டத்துக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டார். அம்மா அந்த வாரம் முழுக்க அந்தச் சட்டையைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

டிவி மாமாவைத் தெரியாதவர் நம்மில் யார்? லயத்துக் கோடிக் காம்பராவில், இழுத்து மூடுகிற மரக் கதவு வைத்த கறுப்பு வெள்ளை டிவி. கார் பெட்டரியில் ஓடும். டவுனில் சார்ஜ் ஏற்றி லொறியில் வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு ஆளுக்கொரு விறகுக்கட்டை கொண்டுபோய்க் கொடுத்துத்தான் உட்காருவோம். அன்றைக்கு மாமா விறகு கேட்கவில்லை. அம்மாவுக்கு டிவிக்கு நேர் முன்னால் பலகை போட்டார். அப்பா உள்ளே வரவில்லை, வாசற்படியில் சாய்ந்து நின்றார். கூரையில் ஒருவன் ஏறி அன்டெனா கட்டிய மூங்கில் கம்பத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

படம் தெளிந்தபோது எனக்கு முதலில் தோன்றியது, இது எதிர்மலை மாதிரியே இருக்கிறதே என்பதுதான். நடுவில் பளிச்சென்று புல். அதற்கு அந்தப் பக்கம், வரிசை வரிசையாக மேலேறிப் போகிற இருட்டு. அந்த இருட்டுக்குள் எங்கோ அக்கா உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும், நம் வாசல் இஸ்தோப்பில் நின்று பள்ளத்தைப் பார்க்கிற மாதிரியே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். யார் அடித்தார்கள், யார் அவுட் ஆனார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஆட்டத்தைப் பார்க்க வந்த இளவட்டங்கள்கூட அன்றைக்குக் கூட்டத்தைத்தான் பார்த்தார்கள்.

வெகு நேரம் ஒன்றும் இல்லை. அப்பா ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, காலை ரயில் எத்தனை மணிக்கு என்று மாமாவிடம் கேட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் நம் நாட்டுப் பந்துவீச்சாளர் ஒருவர் ஓடி வந்தார். அவர் கை சுழன்ற நேரம் இருட்டு முழுவதும் பொரிந்தது. மேலே, கீழே, இடது, வலது, மூலைக்கு மூலை கேமரா வெளிச்சம். காம்பராவில் இருந்த அத்தனை பேரும் கத்தினார்கள். "அந்தா!" "அங்க இல்ல, இந்தா இங்க!" "அந்தத் தூணுக்குக் கீழ!" அடுத்த பந்துக்கும் அப்படியே. நான் அக்காவைத் தேடினேன். ஒரு வெளிச்சத்தைப் பிடித்து வைப்பதற்குள் அது அணைந்து பத்து முளைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா எழுந்துபோய் டிவிக் கண்ணாடியில் விரலை வைத்தாள். இடப்பக்க மேல் மூலை. அடுத்த பந்து, அந்த இடத்தில் ஒரு வெளிச்சம். அதற்கடுத்த பந்துக்கும் அங்கேயே. மூன்றாவதும் வந்தது. அம்மா திரும்பினாள். அந்த முகத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

"மூணு தடவ. எம் புள்ளதான்."

வாசலில் இருந்து அப்பா கேட்டார். "இத்தன வெளிச்சத்துல அது அவதான்னு எப்பிடித் தெரியும்?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

மாமாவும், ஆமாம், நானும் பார்த்தேன், மூன்று தடவை அதே இடம் என்றார். எல்லோரும் பார்த்ததாகச் சொன்னார்கள். ஓர் ஆள் மட்டும் இல்லை என்று சொல்ல முடியாத இடம் அது. மறுநாள் காலை அப்பா வழக்கம்போல ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா முன்னால் பேர் கொடுத்தார். சாயங்காலம் சட்டையை மடித்து மாமா வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

தீபாவளிக்கு அக்கா வரவில்லை. கடைக்குப் போனும் வரவில்லை. தரகரைக் கேட்டால், வீட்டுக்காரர்கள் வெளியூர் போயிருக்கிறார்கள் என்றார். அம்மா, "அதான் பாத்தோமே, நல்லாத்தான் இருக்கா" என்பாள். தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள் மத்தியானம் தரகர் அக்காவை வட்டகொடை ஸ்டேஷனில் இறக்கி, தோட்டத்து லொறியில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். கை வேலைக்கு ஆகாதென்று அந்த வீடே அனுப்பிவிட்டதாம். வலது கையில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் சூட்டுப் புண் ஆறி, இரண்டு விரலும் ஒட்டிக்கொண்டிருந்தன. டிஸ்பென்சரி ஐயா பார்த்துவிட்டு, சுட்ட வாரத்திலேயே கொண்டுவந்திருந்தால் விரலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

"என்னடி ஆச்சு?"

"எண்ண கொட்டிருச்சும்மா."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. மெலிந்து, பல்லெல்லாம் பெரிதாகத் தெரிந்தாள். அம்மா அழுதுகொண்டே அவளுக்குத் தலை வாரிவிட்டாள். பிள்ளைக்கு ஏதாவது சந்தோஷமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பாள் போல. "நீ காட்டுன வெளிச்சத்த நாங்க பாத்தோம்டி. மூணு தடவயும் பாத்தோம். லயமே பாத்துச்சு" என்றாள்.

அக்கா அம்மாவைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா?" என்றாள். "ஆமாம்மா. காட்டுனேன்."

எழுந்து பீலிக்குப் போய் முகம் கழுவினாள். வெகு நேரம் கழுவினாள். அப்பா அவள் பின்னாலேயே போய்க் கொஞ்சம் தள்ளி நின்றார். இருவரும் ஏதும் பேசியதாக எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அப்பாவின் வழக்கம் மாறிவிட்டது. யார் எதிர்மலைக்குப் போனாலும் சரி, வெளிச்சம் மூன்று தடவை தெளிவாக வந்தாலும் சரி, தடியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். நேரில் போய் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். கிழவனுக்குக் கிறுக்கு என்று நீங்களெல்லாம் கேலி செய்தீர்கள். நானும் செய்தேன்.

அக்காவால் கொழுந்து பறிக்க முடியவில்லை. பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது, அதிலேயே காலம் போனது. கல்யாணப் பேச்சு கையைப் பார்த்ததும் நின்றுபோகும். அம்மா சாகும்வரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிடுவாள். அக்காவும் ஆமாம் என்பாள்.

போன மாதம் என் மகன் அந்த ஃபிளாஷ் பேச்சைப் பேசிவிட்டு எழுந்து போனபின் அக்கா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் இன்னும் வெளிச்சத்தை ஆட்டிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு நான் போகவே இல்ல, தெரியுமா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. எங்கே என்றேன்.

"மேட்ச்சுக்கு. என்னிய யாரு கூட்டிட்டுப் போவா? கேட்டத் தாண்டவே விட்டதில்ல. போன் பேசறப்ப அந்தம்மா பக்கத்துலயே நின்னாங்க. அப்பா சத்தம் போட்டாருல்ல, அதுக்காக, மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறாங்க, சந்தோஷமா இருக்கேன்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். வெளிச்சம் காட்டுறேன்னு நானா சேத்துக்கிட்டேன். அவங்களுக்கு என்ன தெரியும், சிரிச்சாங்க. வெளிச்சம் வராது, அப்பா கெளம்பி வந்துருவாருன்னு நெனச்சேன்."

நான் பூண்டுத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்வது?

"அவங்க மேட்ச்சுக்குப் போனதும் துணியெல்லாம் மடிச்சு பைக்குள்ள வச்சுட்டேன். டிவியப் போட்டு ஒக்காந்தேன். ராத்திரி மேட்ச்ச நான் அதுக்கு முன்ன பாத்ததே இல்ல. மொதல்ல இருட்டாத்தான் இருந்திச்சு. நல்லதுன்னு நெனச்சேன். பெறகு அந்த ஆளு பந்து போட ஓடி வந்தான், ஊருப்பட்ட வெளிச்சம். அப்பவே தெரிஞ்சுபோச்சு, அப்பா வரமாட்டாருன்னு."

"எண்ண எப்பக்கா கொட்டுனது?"

"கொட்டல. ஊத்துனாங்க. அதுக்கு அடுத்த மாசம்."

"அம்மாகிட்ட ஏன் ஒரு தடவகூடச் சொல்லல?"

"அம்மா எவ்வளவு சந்தோஷமாச் சொன்னாங்க, நீயும் பாத்தீல்ல."

டிவியில் பாட்டு முடிந்து எல்லோரும் வெளிச்சத்தை அணைத்தார்கள். அக்கா மறுபடி பூண்டை எடுத்தாள். ஒரு பல்லை உரித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"ஆனாலும் திங்கக்கெழம பூரா கேட்டையே பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள்.